பல்கலைக்கழகத்தில் ஏவியேஷன் படித்து பைலட் ஆவது எப்படி? எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

ஏவியேஷன் கல்லூரி விளம்பரம் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு பட்டை, பின்னால் ஒரு ஜெட் விமானம். நான்கு பட்டை கேப்டனுக்கு உரியது. மூன்று வருடம் படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு அது கிடைக்காது. சில படிப்புகளில் செஸ்னா மாதிரி சின்னப் பயிற்சி விமானத்தைக்கூட ஓட்டக் கிடைக்காது. பிளஸ் டூ முடித்தவர்களுக்காக, இந்தியாவில் இந்தப் பாதை எப்படிப் போகிறது என்று வரிசையாக எழுதுகிறேன். இதில் வரிசைதான் முக்கியம். பணம் கட்டும் கட்டம் முந்திக்கொண்டால் பின்னால் அவதி.

தொடங்கும் முன்: பட்டம் வேறு, லைசென்ஸ் வேறு

பைலட் வேலைக்கு வேண்டியது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சி.பி.எல். அதைக் கொடுப்பது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் கொடுக்க முடியாது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தால் டிரைவிங் லைசென்ஸ் வந்துவிடாது இல்லையா, அதே கதைதான்.

பி.இ. ஏரோநாட்டிகல் என்பது விமானத்தை வடிவமைக்கும் படிப்பு. ஏ.எம்.இ. என்பது விமானப் பராமரிப்பு இன்ஜினியரிங். பி.பி.ஏ. ஏவியேஷன் என்றால் நிர்வாகம். அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் படித்தவர். அப்படியும் விமானப்படையில் பைலட் ஆக டேராடூன் போய்த் தேர்வில் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. எட்டு இடங்களுக்கு அவர் ஒன்பதாவதாக வந்தார். பட்டம் கையில் இருந்தும் விமானம் கைக்கு வரவில்லை.

குழப்பம் அதிகம் இருப்பது பி.எஸ்சி. ஏவியேஷனில்தான். சில இடங்களில் பறக்கும் பயிற்சியும் சேர்ந்தே வரும், சில இடங்களில் வகுப்பறையோடு சரி. சி.பி.எல். வாங்க டிகிரி கட்டாயம் இல்லை. அப்புறம் எதற்குப் பட்டம்? நாளைக்கு மெடிக்கலில், அதாவது பைலட்டுக்கான உடல்தகுதிப் பரிசோதனையில், ஏதாவது தடை வந்தால் விமான நிலையத்திலோ விமான நிறுவன அலுவலகத்திலோ வேறு வேலை பார்க்க அது கை கொடுக்கும். அந்த அளவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரப்பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இந்தப் பிரிவினை கண்ணுக்கே தெரியும். பைலட் பயிற்சி தரும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி ஒரு பக்கம். 2013இல் வந்த சட்டத்தின்படி அமைந்த ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள்.

படி 1: மெடிக்கல்

கல்லூரி விண்ணப்பத்துக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் முதலில் கிளாஸ் 2 மெடிக்கல். அது முடிந்ததும் கிளாஸ் 1. சி.பி.எல்.லுக்கு வேண்டியது கிளாஸ் 1தான். பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிலையம் இதைச் செய்யும் இடங்களில் ஒன்று.

கண்ணாடி போட்டிருப்பதால் மட்டும் யாரையும் ஒதுக்கிவிட மாட்டார்கள், பார்வை சரிசெய்யக்கூடியதாக இருந்தால் போதும். நிறக்குருடு இருந்தால்தான் கஷ்டம். புள்ளிகளுக்குள் எண் தெரியும் இஷிஹாரா அட்டைகளை உள்ளூர்க் கண் டாக்டரிடமே முன்கூட்டிப் பார்த்துவிடலாம். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அது. அரை கோடிக்கு மேல் கடன் வாங்கிய பிறகு தெரியவருவதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 2: பெயரைச் சரிசெய்யுங்கள்

லைசென்ஸுக்கான தேர்வெழுத டி.ஜி.சி.ஏ.விடம் கம்ப்யூட்டர் நம்பர் என்னும் பதிவு எண் வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்களை வைத்துத்தான் விண்ணப்பம், போர்டிலிருந்து அவை உண்மைதான் என்ற சரிபார்ப்பும் வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டுவது இனிஷியலில். மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒத்துப்போகும்படி இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கேட்கிறார்கள். காமர்ஸ் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதிவிட்டு வருவது வழக்கம். இந்த விதியைத் தளர்த்துவது பற்றிப் பேச்சு உண்டு, ஆகவே விண்ணப்பிக்கும்போது டி.ஜி.சி.ஏ. தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கல்லூரியில் கேட்க வேண்டியது

"பிளேஸ்மென்ட் எப்படி?" என்று தொடங்காதீர்கள். பறக்கும் பயிற்சி எந்த ஃப்ளையிங் ஸ்கூலில், அது டி.ஜி.சி.ஏ. அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்றால் ஒரு எண் சொல்வார்கள். இன்றைக்குப் பறக்கிற நிலையில் எத்தனை என்று கேட்டால் வேறு எண் வரும். அதை மாணவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சி.பி.எல்.லுக்குப் பறக்க வேண்டிய 200 மணி நேரத்தைப் போன பேட்ச் எத்தனை மாதத்தில் முடித்தது, பாதியில் நின்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். டி.ஜி.சி.ஏ. 2025இல் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடத் தொடங்கியிருக்கிறது, அதையும் பாருங்கள்.

வட இந்தியாவில் டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டத்தில் பல நாள் விமானம் கிளம்பாது. தெற்கே மழை. "ஒரே வருடத்தில் முடித்துத் தருகிறோம்" என்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பட்டத்துக்கு நேரடி மதிப்பு உண்டு. விமான நிறுவனத்தில் சேர வழக்கமாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஏவியேஷன் இளங்கலை முடித்தால் 1,000 மணி நேரத்திலேயே வழி உண்டு. ஆனால் அந்தச் சலுகை அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு. இங்கே திரும்பினால் லைசென்ஸை மாற்ற டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுதியே ஆக வேண்டும்.

படி 4: தியரி

டி.ஜி.சி.ஏ. தேர்வில் வரும் பேப்பர்கள்: ஏர் நேவிகேஷன் (வழி கண்டறிதல்), மீட்டியராலஜி (வானிலை), ஏர் ரெகுலேஷன் (விதிகள்), டெக்னிக்கல் ஜெனரல் (விமானத் தொழில்நுட்பம் பொதுவாக), டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் (ஒரு குறிப்பிட்ட விமானம் பற்றி). ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர். தேர்வு தனி. முக்கியமான பேப்பர்களையாவது முடித்துவிட்டுப் பறக்கப் போவது நல்லது. ஃப்ளையிங் ஸ்கூலில் வெயிலில் காத்துக் கிடந்துவிட்டு ராத்திரி புத்தகம் எடுத்தால் தூக்கம்தான் வரும்.

நேவிகேஷன் என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு கணக்கு மாதிரிக்கு. 60 நாட்டிகல் மைல் போகும்போது 1 டிகிரி விலகினால், 1 மைல் தள்ளிப் போயிருப்போம். இதுதான் '1-இன்-60' விதி. இப்போது 60 மைல் பயணத்தில் 20 மைல் வந்தாயிற்று, பாதைக்கு இடப்பக்கம் 1 மைல் விலகியிருக்கிறோம். விலகல் 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3 டிகிரி. வலப்பக்கம் 3 டிகிரி திருப்பினால் பாதைக்கு இணையாகத்தான் போவோம், ஊர் வந்து சேராது. மீதி 40 மைலில் அந்த 1 மைலையும் ஈடுகட்ட 60-ஐ 40-ஆல் வகுக்க வேண்டும், 1.5 டிகிரி. ஆக மொத்தம் 4.5 டிகிரி வலப்பக்கம். கால்குலேட்டர் இல்லாமல், ஒரு கையில் விமானத்தைப் பிடித்துக்கொண்டே போட வேண்டிய கணக்கு.

ரன்வே எண்ணும் இப்படித்தான் எளிது. சென்னையின் 07 என்பது காந்தத் திசையில் சுமார் 70 டிகிரி. அதே ரன்வேயை எதிர்முனையிலிருந்து பார்த்தால் 180 கூடி 250, அதனால் 25.

படி 5: பறப்பது

ஸ்டூடன்ட் பைலட் லைசென்ஸ் வாங்கி, இன்ஸ்ட்ரக்டரோடு பறந்து, அவர் இறங்கிக்கொள்ளும் நாளில் முதல் சோலோ. பிறகு மணி நேரம் சேர்ப்பது. மொத்தம் 200. அதில் 100 மணி நேரம் நீங்களே பைலட்-இன்-கமாண்ட், அதாவது விமானத்துக்குப் பொறுப்பான பைலட். அந்தப் பொறுப்பிலேயே 20 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர்விட்டு ஊர் பறப்பது, அதில் ஒரு பயணம் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது 10 மணி நேரம், இரவில் 5 மணி நேரம்.

தினமும் முதல் வேலை விமானத்தைச் சுற்றி வந்து பார்ப்பது. செஸ்னா 172 என்றால் இறக்கைக்கு அடியில் இருக்கும் வால்வில் சின்னக் குடுவையை அழுத்தி எரிபொருளில் கொஞ்சம் பிடிப்பார்கள். 100எல்எல் என்னும் பெட்ரோல் வெளிர் நீலமாக இருக்கும். ஈரக்காற்றால் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அது கனமானது என்பதால் குடுவையின் அடியில் தங்கி, நடுவே ஒரு கோடு தெரியும். கோடு இல்லை என்றதும் நிம்மதியாகிவிடக் கூடாது. குடுவை முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாது. அதனால் வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்து நீல நிறம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகர்ந்தும் பார்ப்பார்கள்.

படி 6: சி.பி.எல். கைக்கு வந்த பிறகு

18 வயது நிறைந்திருந்தால் சி.பி.எல். கிடைக்கும். விமான நிறுவனங்கள் கூடவே மல்டி-இன்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் எதிர்பார்க்கும், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் உள்ள விமானத்தை ஓட்டவும் கருவிகளை வைத்தே பறக்கவும் லைசென்ஸில் சேரும் கூடுதல் தகுதிகள். ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங்கும் வேண்டும். அதற்குத் தனியாகப் பல லட்சம் ஆகும், கல்லூரி சொல்லும் கட்டணத்தில் இது பெரும்பாலும் சேராது. கடன் போடும்போதே இதையும் கணக்கில் சேருங்கள். வேலை கிடைக்கும் வரை கிளாஸ் 1 மெடிக்கல் காலாவதி ஆகாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். இன்டர்வியூ அழைப்பு வரும் வாரத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது.