அப்பாவுக்கு பைபாஸ்: ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவர் செய்ய வேண்டியவை

என் தந்தைக்கு மதுரையில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்த அன்று, நான் காபி வாங்கக் கீழே இறங்கியிருந்த பத்து நிமிடத்தில்தான் மருத்துவர் வெளியே வந்து பேசிவிட்டுப் போனார். அம்மா, "நல்லா இருக்காராம்" என்றார். சித்தப்பாவோ இரத்தக் கசிவு பற்றி ஏதோ சொன்னதாகக் கூறினார். இரண்டில் எது எந்த அளவுக்குச் சரி என்று அறிய மறுநாள் காலைவரை தவிக்க வேண்டியதாயிற்று. ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: நோயாளியின் விவரங்களை நன்கு அறிந்த ஒருவர், கையில் நோட்டும் பேனாவுமாக, கதவருகிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் எந்நேரமும் இருக்க வேண்டும். அவர் எழுந்து போக நேர்ந்தால், அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்த பிறகே போக வேண்டும்.

முந்தைய நாளிலேயே முடித்துவிட வேண்டியவை சில உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியார் காப்பீட்டிலோ சிகிச்சை பெறுவதானால், ஒப்புதல் வந்துவிட்டதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரத்தத்திற்கு ஈடாகக் கொடையாளர்களை அழைத்துவரச் சொன்னால், அவர்கள் நோயாளியின் இரத்த வகையையே சேர்ந்தவர்களாக இருக்க வேண்டுமா என்று இரத்த வங்கியில் கேளுங்கள். ஈடு செய்வதற்குப் பெரும்பாலும் எந்த வகையும் போதும். கொடுப்பவர் 18 வயது நிறைந்தவராகவும், 45 கிலோவுக்குக் குறையாத எடை உள்ளவராகவும், ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது உள்ளவராகவும் இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன், அறுவையின் இடையில் சிகிச்சை முறையை மாற்ற நேர்ந்தால் யாரிடம் கேட்பார்கள் என்பதையும் விசாரித்து வையுங்கள்.

மோதிரம், அரைஞாண், பல்செட், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை உள்ளே அழைத்துச் செல்லுமுன் கழற்றித் தருவார்கள். அறுவை சிகிச்சை அம்மாவுக்கு என்றால் தாலியையும் மெட்டியையும் கழற்ற வேண்டியிருக்கும். அது பல குடும்பங்களில் கண்ணீர் வரவழைக்கும் தருணம் என்பதால், தள்ளுவண்டி வந்து நிற்கும்போது சொல்லாமல், முந்தைய இரவே பக்குவமாகச் சொல்லி, யார் வாங்கி வைத்துக்கொள்வது என்பதையும் அவரே முடிவு செய்யும்படி விடுவது நல்லது.

காத்திருப்பவரை மிகவும் வாட்டுவது கடிகாரம். "நான்கு மணி நேரம்" என்று மருத்துவர் சொன்னால், அது பெரும்பாலும் அறுவைக்கு மட்டுமான கணக்கு. உள்ளே போனவுடன் கத்தி வைப்பதில்லை. மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஊசிக்குழாய்கள் பொருத்துவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிடும். பிறகு காலிலிருந்து இரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி இரத்தம் செல்லும்படி இதயத்தில் இணைத்து, எங்கேனும் கசிகிறதா என்று பொறுமையாகப் பார்த்து, நெஞ்செலும்பை எஃகுக் கம்பியால் சேர்த்துக் கட்டுகிறார்கள். ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுவந்த பின்னும் கருவிகளை இணைத்து முடிக்கும்வரை உங்களை அழைக்க மாட்டார்கள். அன்றைய பட்டியலில் இரண்டாவது நோயாளி என்றால் முதல் நோயாளிக்கு ஆகும் தாமதமும் சேர்ந்துகொள்ளும். எனவே சொன்ன நேரம் கடந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து எதையும் ஊகிக்காதீர்கள்.

அதுபோலவே, இடையில் பெயர் சொல்லி அழைத்தாலே கெட்ட செய்தி என்றும் எண்ண வேண்டாம். மருந்துச் சீட்டு கொடுப்பதற்கோ, கையெழுத்துக்கோ, இரத்த வங்கிக்கு ஆள் அனுப்பவோ அழைப்பதுண்டு. மருந்து வாங்க ஓடுவதற்கென்றே ஒருவரைத் தனியாக வைத்துக்கொண்டால் கதவருகே இருப்பவர் நகர வேண்டியதில்லை.

உடன் காத்திருக்கும் இன்னொரு பெற்றோரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. என் அம்மா சர்க்கரை நோயாளி. அப்பா கண் விழிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று வேண்டிக்கொண்டிருந்தார். மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடலாம். வேண்டுதலை அப்பா வீட்டுக்கு வந்தபின் இருவருமாகக் கோவிலில் செலுத்தலாம் என்று அத்தை சொன்ன பிறகுதான் இரண்டு இட்லி சாப்பிட்டார். இப்படிப் பேசக்கூடிய ஒருவரை அருகில் அமர்த்துங்கள். உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளை வெளியூரிலிருக்கும் தம்பியோ தங்கையோ ஏற்கட்டும். செய்தி ஒருவர் வழியாகவே போகட்டும்.

மருத்துவர் வெளியே வந்ததும் அழுகையோ நன்றியோ முந்திக்கொள்ளும், அது இயல்பே. ஆனாலும் நோட்டில் முன்பே எழுதி வைத்தவற்றைக் கேளுங்கள்: நினைத்தபடி எல்லா அடைப்புகளுக்கும் மாற்றுவழி அமைத்தாயிற்றா, இரத்தம் ஏற்றினீர்களா, செயற்கைச் சுவாசத்தை எப்போது எடுப்பீர்கள், இரவில் யாரிடம் விசாரிப்பது? பதிலை அங்கேயே எழுதி, ஒருமுறை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

முதன்முறை ஐ.சி.யூ.வுக்குள் செல்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முகம் வெளிறி உப்பியிருக்கும், உடல் குளிர்ந்திருக்கும், மார்பிலிருந்து குழாய்கள் வரும், வாயில் குழாய் இருப்பதால் பேச முடியாது, அதைப் பிடுங்கிவிடாதபடி கைகளை மெல்லக் கட்டியிருக்கவும் கூடும். திருநீறும் பூவும் உள்ளே வேண்டாம். வயதானவர்கள் மயக்கம் தெளியும்போது இடமும் நாளும் புரியாமல் குழம்பிப் பேசுவது உண்டு. பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும், ஆனாலும் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். வாயிலிருக்கும் குழாயை எடுத்தாயிற்று என்று தெரிந்ததும், காலையில் வாங்கி வைத்த மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் செவிலியரிடம் கேட்டு அனுமதி பெற்று அணிவித்து, இது எந்த ஊர், என்ன கிழமை, யார் வந்திருக்கிறோம் என்பதை அப்பாவின் காதருகே நிதானமாகச் சொல்லுங்கள்.