இறந்தகாலத்தில் ஆங்கில வாக்கியம் அமைப்பது எப்படி?

தமிழில் 'நேற்று வந்தேன்' என்றாலே வாக்கியம் முழுமை. வந்தது யார் என்பதை விகுதியே சொல்லிவிடுகிறது. ஆங்கில 'கேம்' அப்படி எதையும் சொல்லாது. நான் வந்தாலும் அவர்கள் வந்தாலும் அதே 'கேம்'தான். தொடக்கத்தில் வரும் தடுமாற்றத்தில் பாதிக்கு இதுவே காரணம்.

படி 1: எழுவாய்

முதலில் ஆளையோ பொருளையோ வையுங்கள்: 'ஐ கேம்', 'தே கேம்'. மழை பெய்தது என்பதற்கும் 'இட் ரெயின்ட்'. அந்த 'இட்' யார் என்று குடைய வேண்டாம்; இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 2: அடுத்து வினை

தமிழில் கடைசியில் நிற்கும் வினையை எழுவாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்: 'ஷி ரோட் எ லெட்டர்'. 'அவர் டாக்டர்' என்று வினையில்லாமல் தமிழில் சொல்லலாம், ஆங்கிலத்தில் முடியாது. இப்போது என்றால் 'ஹி இஸ் எ டாக்டர்', முன்பு என்றால் 'ஹி வாஸ் எ டாக்டர்'. யூ, வீ, தே வந்தால் 'வேர்'. ஆளுக்கேற்ப மாறும் இறந்தகால வினை இது ஒன்றுதான்.

படி 3: வினையின் இறந்தகால வடிவம்

பெரும்பாலான வினைகளுக்கு 'ஈடி' சேர்த்தால் போதும். 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகும். 'வாக்கெட்' என்று இழுக்காதீர்கள். டி ஒலியில் முடியும் 'வான்ட்', 'நீட்' போன்றவற்றில் மட்டுமே தனி அசை கேட்கும்: 'வான்டட்', 'நீடட்'.

கோ–வென்ட், ஈட்–ஏட், சீ–சா போன்றவை விதிக்கு அடங்காதவை. மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. தினமும் புழங்கும் வினைகளில் பல இந்த வகைதான், அதனால் இவற்றிலிருந்தே தொடங்குங்கள். 'கட்', 'புட்' மாறவே மாறாது.

படி 4: இல்லை என்பதும் கேள்வியும்

'ஐ டிட் நாட் வென்ட்' என்று பலர் சொல்கிறார்கள். தவறு. 'போகவில்லை' என்பதைப் பாருங்கள்: 'போனேன்' என்பதில் உள்ள காலக்குறி 'போக' என்பதில் இல்லை. ஆங்கிலத்திலும் வினை அப்படித்தான் மூல வடிவத்துக்குத் திரும்பும். காலத்தை 'டிட்' சுமந்துகொள்கிறது: 'ஐ டிட் நாட் கோ'. கேள்வியில் அதே 'டிட்' முன்னால் வரும்: 'டிட் யூ கோ?' எப்போது என்று கேட்க, அதற்கும் முன்னால் ஒரு சொல்: 'வென் டிட் யூ கோ?'

'வாஸ்', 'வேர்' இரண்டுக்கும் 'டிட்' துணை வேண்டாம்: 'ஹி வாஸ் நாட் எ டாக்டர்'. அப்புறம், யார் வந்தார் என்று எழுவாயையே கேட்கும்போதும் வேண்டாம்: 'ஹூ கேம்?'