கிட்டார் முகப்பலகை: இரண்டு பாதியை ஒட்டும் முறை

கிட்டாரின் முகப்பலகை பெரும்பாலும் ஒரே துண்டு கிடையாது. ஒரு பலகையை அதன் கனத்தின் நடுவே இரண்டு மெல்லிய பலகையாக அறுத்து, புத்தகம் விரிப்பது போல விரித்து, நடுவில் ஒட்டியிருப்பார்கள். கடைசியில் அதை 3 மி.மீ. அளவுக்கு இழைத்துவிடுவோம். அவ்வளவு மெல்லிய விளிம்பில் ஒட்டு நிற்க வேண்டும்.

மதுரையில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஈரம் குடித்து விரிந்த மரத்தில் நான் செய்த முதல் கிட்டார், சித்திரை வெயிலில் சுருங்கி முகம் பிளந்தது. பலகையைச் சில வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு வைத்து, பங்குனி வாக்கில் எடுங்கள்.

முதலில் இழைப்புளியின் அலகை நன்றாகத் தீட்டுங்கள். கைமயிரை மழிக்கும் கூர் வேண்டும். இரண்டு பாதியையும் மூடிய புத்தகம் போல அடுக்கி, ஒட்டும் விளிம்பு 2 மி.மீ. வெளியே நீட்டும்படி ஒரு தட்டையான கட்டைமேல் வைத்து இறுக்குங்கள். இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழு நீளத்துக்கும் ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து இழைப்பதில் ஒரு நன்மை உண்டு: கோணம் கொஞ்சம் சாய்ந்தாலும், விரிக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டிவிடும். ஆனால் நீளவாக்கில் குழி இருந்தால் அது இரட்டிப்பாகும். உப்புத்தாள் பக்கம் போகவே வேண்டாம், விளிம்பின் ஓரங்களை உருட்டிவிடும்.

இனி சோதனை. விளிம்புகளைச் சேர்த்து ஜன்னலுக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் ஒரு கோடு கூடக் கசியக் கூடாது. இரண்டு முனையிலும் கசிந்தால் நடு மேடாக இருக்கிறது. நடுவில் கசிந்தால் முனைகள் மேடு. மேடான இடத்தில் மட்டும் மெல்லிய சுருள் எடுத்துவிட்டு, முழுநீளத்துக்கு ஒரு தள்ளு. எனக்கு இதிலேயே அரைநாள் போய்விடும். அவசரப்பட்டுப் பசையால் இடைவெளியை அடைக்காதீர்கள். அங்கேதான் பிற்பாடு விடும்.

பசைக்கு நான் வச்சிரம்தான் எடுப்பேன், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை. பின்னாளில் பழுது பார்க்க, சூடும் ஈரமும் காட்டினால் பிரிந்து கொடுக்கும். ஒரு பங்கு வச்சிரத்தை இரண்டு பங்கு தண்ணீரில் ஊறவையுங்கள். அப்புறம் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்குங்கள். கொதித்தால் பலம் போய்விடும். தூரிகையைத் தூக்கினால் நல்லெண்ணெய் போல அறாமல் ஒழுக வேண்டும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். பலகை விளிம்புகளைச் சிறிது நேரம் வெயிலில் காட்டிச் சூடாக்கினால் பசை சீக்கிரம் உறையாது. இரண்டு விளிம்பிலும் தடவி உடனே சேருங்கள். கையில் ஒரு நிமிடம்தான் இருக்கும். அடியில் பிளாஸ்டிக் தாள், இருபுறமும் ஆணியடித்த ரீப்பர் (மரச்சட்டம்), ரீப்பருக்கும் பலகைக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு ஆப்பு. ஒட்டு மேலே எழும்பாமல் இருக்க, பலகைமேல் இன்னொரு பிளாஸ்டிக் தாளும் கட்டையும் வைத்துச் செங்கல் ஏற்றுங்கள். ஆப்பை மெதுவாகத் தட்டுங்கள். பசை சன்னமாக முத்து முத்தாகப் பிதுங்கினால் போதும்.

24 மணி நேரம் தொடாதீர்கள். பிறகு, முனையில் கழிக்கும் துண்டை வெட்டி எடுத்து, கையால் ஒடித்துப் பாருங்கள். ஒட்டு அப்படியே இருந்து பக்கத்து மரம் உடைந்தால், பலகையை இழைக்க எடுக்கலாம்.