சுவரில் வழியும் துருக்கறை: பெயின்டுக்கு முன் செய்ய வேண்டியவை

வெளிச்சுவரில் பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் உடனே பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். தண்ணீர் கலந்த எமல்ஷனை நேரடியாக அடித்தால், அந்த ஈரத்திலேயே துரு கரைந்து மேலேறும். எத்தனை கோட் அடித்தாலும் மஞ்சள் திட்டு எட்டிப் பார்க்கும்.

முதல் வேலை, கறை எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பது. கோட்டின் மேல் நுனியில் ஜன்னல் கம்பியின் கால், குழாய் கிளாம்ப், ஆணித்தலை என ஏதாவது இருக்கும். அங்கே இரும்பே தெரியாமல், நேர்கோட்டில் வெடிப்பும் தட்டினால் பொள்ளல் ஓசையும் இருந்தால் துருப்பிடித்தது கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. துரு பருத்துக் காரையைத் தள்ளுகிறது. அதைப் பட்டி பூசி மறைப்பது ஆபத்து, பொறியாளரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, இரும்பு. சுவரைக் கழுவும் முன்பே இதை முடித்துவிடுங்கள், சுரண்டும் தூள் சுவரில்தான் விழும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 80 எண் எமரித்தாள் போட்டு, துடைத்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். ஓர் இரவு விட்டாலும் பனியில் மறுபடி துரு பூக்கும். காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட். கம்பி கால் சுவருக்குள் நுழையும் இடுக்கைப் பெயின்ட் ஏற்கும் சீலன்ட்டால் அடையுங்கள். பெரும்பாலும் தண்ணீர் தேங்குவது அங்கேதான்.

மூன்றாவது, கறை. பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலத் தூள். இது நச்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மூலையில் சோதித்துவிட்டு, சுவரை நனைத்து, கீழிருந்து மேலாகப் பூசுங்கள். மேலிருந்து பூசினால் வழிந்த தடம் புதுக் கோடாக நிற்கும். 10 நிமிடம், காயவிடாமல். பழுப்பு வெளிறத் தொடங்கியதும் நைலான் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். போகாவிட்டால் இன்னொரு முறை. சுவரில் இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், உதிரும் துணுக்குகளே புதுப் புள்ளிகளாகும். ப்ளீச்சிங் பவுடர் துருவை நீக்காது. அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

இரண்டு மூன்று வெயில் நாள் காயவிட்டு, கறை இருந்த இடத்தில் கறை தடுக்கும் சால்வென்ட் பிரைமர் (தண்ணீர் கலக்காத வகை) ஒரு கோட், அதன் பிறகே எமல்ஷன்.

இனி மாட்டும் திருகும் கிளாம்பும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், கடலோரமென்றால் 316.