குளிர்காலக் கடற்காகங்களை இனம் காண்பது: எங்கிருந்து தொடங்கலாம்?

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி என நம் கடற்கரை நெடுகக் கடற்காகங்கள் (gulls) வந்து இறங்குகின்றன. பறவை பார்க்கப் புதிதாக வருபவர்கள் பலர் "எல்லாம் ஒரே வெள்ளையும் சாம்பலுமாக இருக்கிறது" என்று சொல்லி, பூநாரைகள் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நம் கரையில் வழக்கமாகத் தென்படும் கடற்காக வகைகள் மிகச் சில. அவற்றில் ஒன்றை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டால், மற்றவற்றை அதோடு ஒப்பிட்டே பிரித்துவிடலாம். அந்த ஒன்று, பழுப்புத்தலைக் கடற்காகம்.

படி 1: ஆலாக்களை ஒதுக்குங்கள்

மணல்திட்டில் கடற்காகங்களும் ஆலாக்கள் (terns) என்ற வேறு கடற்பறவைகளும் கலந்தே உட்கார்ந்திருக்கும். ஆலாவுக்குக் கால் குட்டை, உடல் ஒல்லி, அலகு கூர். பறக்கும்போது அலகைக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடும். கடற்காகம் தடித்த உடலோடு மணலில் தாராளமாக நடக்கும், நீரில் மிதக்கும், வலை உதறும் இடத்தில் கழிவு மீனுக்குச் சண்டை போடும். ஆலாக்கள் பெரும்பாலும் வால் பிளவுபட்டவை. கடற்காகத்தின் வால் விசிறி போல விரியும்.

படி 2: வெளிச்சம் பார்த்து நில்லுங்கள்

கிழக்குக் கரையில் காலை வெயில் கடலிலிருந்து வருகிறது. அந்நேரம் கடலைப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கருநிழலாகத்தான் தெரியும். காலையில் போனால் பறவைகளுக்குக் கடல் பக்கமாக நிற்க இடம் தேடுங்கள். முடியாவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாக்குலர் போதும். ஆற்று முகத்துவாரங்களும் படகுகள் மீன் இறக்கும் இடங்களும் நல்ல இடங்கள். கூட்டத்துக்குள் நடந்து போய்ப் பறவைகளைக் கிளப்பாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவை அங்கே ஓய்வெடுக்கின்றன. செம்பருந்து ஒன்று மேலே வந்தால் அவை தாமாகவே எழும்பும். அப்போது சிறகு உங்கள் கண்ணில் படும்.

படி 3: பழுப்புத்தலைக் கடற்காகத்தை மனப்பாடம் செய்யுங்கள்

இந்தப் படிக்கு முழுக் குளிர்காலத்தையும் கொடுத்தாலும் தகும்.

நம் ஊர்க் காகத்தைவிடச் சற்றே பெரிய பறவை, சுமார் 42 செ.மீ. முதுகு வெளிர் சாம்பல், வயிறு வெள்ளை, காலும் அலகும் சிவப்பு, அலகு நுனி கறுப்பு. தலையில் பழுப்பைத் தேடாதீர்கள். அது இனப்பெருக்கக் கால உடை. குளிர்காலத்தில் தலை வெள்ளையாகிவிடும், கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் மிஞ்சும். இவை திபெத்தியப் பீடபூமியிலும், லடாக்கில் சோ மோரிரி போல 4,000 மீட்டருக்கும் மேலே உள்ள ஏரிகளிலும் கூடு கட்டுபவை.

இதோடு குழப்பக்கூடியது கருந்தலைக் கடற்காகம். அதற்கும் குளிர்காலத்தில் வெள்ளைத் தலை, அதே கரும்பொட்டு, அதே சிவப்புக் கால். பிரிப்பதற்கு இரண்டே இடங்கள்: கண், சிறகு முனை.

வளர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிர் நிறம். அதனால் சற்றுக் கடுமையாக முறைப்பது போலத் தெரியும். கருந்தலைக்கு விழி கருமை, முகம் சாந்தமாக இருக்கும், அலகும் இன்னும் மெல்லியது. சிறகை விரிக்கும்போது பழுப்புத்தலையின் முனையில் அகலமான கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் வெள்ளைத் திட்டு. கருந்தலைக்கோ சிறகின் முன் விளிம்பு நீளமாக வெள்ளை. கறுப்பு, இறகு நுனிகளில் மெல்லிய கோடாக மட்டும் ஓடும். இரண்டில் நான் அதிகம் நம்புவது சிறகைத்தான், ஏனென்றால் பழுப்புத்தலையின் இளம் பறவைக்கும் விழி கருமைதான்.

அமர்ந்திருக்கும் பறவையின் சிறகை எப்படிப் பார்ப்பது என்று கேட்பார்கள். காத்திருங்கள். தூங்கி எழும் கடற்காகம் சோம்பல் முறித்து ஒரு பக்கச் சிறகை நீட்டும். அந்த இரண்டு நொடி போதும்.

படி 4: வயதைக் கேளுங்கள்

கூட்டத்தில் ஒரு பறவை மட்டும் வேறுபட்டுத் தெரிந்தால், உடனே அரிய வகை என்று முடிவு கட்டவேண்டாம். சிறகின் மேல் பழுப்புக் கறைகளும் வால் நுனியில் கரும்பட்டையும் இருந்தால் அது இளம் பறவை. சிறிய கடற்காகங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வளர்ந்த உடைக்கு மாறிவிடும். பெரியவற்றுக்கு நான்கு ஆண்டு வரை ஆகும். ஆண்டுக்கு ஒரு தோற்றம்.

படி 5: இனி வேறுபட்டவற்றைத் தேடுங்கள்

கூட்டத்தின் நடுவே ஒன்று எல்லாவற்றையும்விட ஒன்றரை மடங்கு பெரிதாக நிற்கிறதா? அலகைப் பாருங்கள். தடித்த மஞ்சள் அலகில் நுனிக்கு அருகே கரும்பட்டையும் சிவப்பும் இருந்து, நெற்றி சரிவாக இறங்கி, கண்ணைச் சுற்றி மங்கலான கருமை இருந்தால் அது பெரிய கருந்தலைக் கடற்காகம். செம்பருந்தைவிடவும் பெரிது. குளிர்காலம் முடியும் முன்பே, பல பறவைகளுக்குப் பிப்ரவரியிலேயே, கருந்தலை முளைத்துவிடும். அப்போது தவறவே முடியாது.

அதே அளவில், முதுகு அடர் சாம்பலாக, கால் மஞ்சளாக, அலகின் கீழ்த்தாடையில் சிவப்புப் பொட்டோடு நின்றால் ஹியூக்ளின் கடற்காகம். வட ரஷ்யாவின் மரமற்ற குளிர்நிலமான துந்திராவிலிருந்து வருவது. இதற்கு நெருங்கிய இனங்களை எப்படி வகுப்பது என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தொடக்கத்தில் அந்தச் சிக்கலுக்குள் போகவேண்டாம்.

சிறியவற்றில் கரும்பொட்டே இல்லாத, அல்லது மிக மங்கலாக உள்ள, கழுத்தும் அலகும் நீண்ட பறவை கிடைத்தால் நிறுத்திப் பாருங்கள். அது ஒல்லி அலகுக் கடற்காகமாக இருக்கலாம். குஜராத் கரையில் அதிகம், நம் பக்கம் குறைவு. அதனால் சிறகு தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

படி 6: குறித்து வையுங்கள்

பெயரை எழுதும் முன் கண்ட அடையாளங்களை எழுதுங்கள்: விழி நிறம், அலகு, கால், சிறகு முனை, வால். பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இபேர்டில் (eBird) பட்டியல் பதிவு செய்யும்போது, உறுதியாகத் தெரியாத பறவையை ஏதோ ஒரு வகையில் சேர்க்கவேண்டாம். இனம் தெரியாத கடற்காகம் என்று பதிவதற்கு அதிலேயே இடம் இருக்கிறது. பிறகு மார்ச் மாதத்தில் அதே கரைக்கு இன்னொருமுறை போய்வாருங்கள். அப்போது பல பறவைகளுக்குத் தலையில் நிறம் ஏறியிருக்கும்; ஜனவரியில் கண்ணையும் சிறகையும் வைத்து நீங்கள் எழுதிய பெயர்களைச் சரிபார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.