சிட்ஜஸ் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்சிலோனாவிலிருந்து தென்மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில், மத்தியதரைக் கடலோரம் இருக்கிறது சிட்ஜஸ். பார்சிலோனா போகும் பலர் மதியம் ரயிலேறி இங்கே வந்து, மணலில் படுத்து, குளித்து, தேவாலயப் படிக்கட்டில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. கடலும் மணலும் ஸ்பெயினின் கிழக்குக் கரை முழுக்கக் கிடைக்கும். சிட்ஜஸின் அருமை அந்தப் படிக்கட்டுக்கு மேலே இருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தைத் தாண்டி அதன் பின்புறச் சந்துக்குள் நுழையுங்கள். அங்கே காவ் ஃபெராட் என்ற வீடு. ஓவியரும் எழுத்தாளருமான சாண்டியாகோ ருசின்யோல் 1890-களில் மீனவர் வீடுகளை வாங்கி, தான் தங்கவும் வரையவும் மாற்றிக் கட்டிய இடம். பழைய இரும்பு வேலைப்பாடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து வீட்டை நிரப்பினார். 16-ஆம் நூற்றாண்டில் பிறந்த ஓவியர் எல் கிரெக்கோவை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்தக் காலத்தில், அவருடைய இரண்டு ஓவியங்களைப் பாரிஸில் வாங்கி, 1894-இல் ஊர்வலமாக இந்த ஊருக்குள் எடுத்துவந்தார். அவை இன்றும் அந்த வீட்டுச் சுவரில்தான் இருக்கின்றன. 1898-இல் கடற்கரைச் சாலையில் எல் கிரெக்கோவுக்குச் சிலையும் எழுந்தது. 1931-இல் ருசின்யோல் இறந்தபோது வீட்டை ஊருக்கே எழுதிவைத்திருந்தார். 1933 முதல் அது அருங்காட்சியகம். பக்கத்திலேயே, அமெரிக்கத் தொழிலதிபர் சார்லஸ் டீரிங்குக்காக ஓவியரும் கலை விமர்சகருமான மிகேல் உட்ரில்லோ 1910-களில் உருவாக்கிய மரிசெல் மாளிகை. இரண்டுக்கும் ஒரே டிக்கெட் போதும். ஆனால் திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

அடுத்த தவறு, வெள்ளையும் நீலமுமாக நிற்கும் பழைய மாளிகைகளை வெறும் அழகாகப் பார்த்துக் கடந்துபோவது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஊர் இளைஞர்கள் பிழைப்புத் தேடிக் கியூபாவுக்குக் கப்பலேறினார்கள். சம்பாதித்துத் திரும்பியவர்களை ஊர் 'அமெரிக்கானோக்கள்' என்று அழைத்தது. அந்த மாளிகைகள் அவர்களுடையவை. ரம்முக்குப் பெயர்போன பக்கார்டி நிறுவனத்தைத் தொடங்கிய ஃபகுண்டோ பக்கார்டியும் 1814-இல் இங்கே பிறந்தவர்தான்; பழைய சந்தைக் கட்டடத்தில் அந்த நிறுவனம் ஒரு காட்சியகம் வைத்திருக்கிறது. அன்றைய கியூபாவின் செல்வம் கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. அங்கே அடிமைமுறை ஒழிந்ததே 1886-இல்தான். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பால்கனிகளை அண்ணாந்து பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

சரி, ரயில் விஷயம். பார்சிலோனா நகருக்குள் சுற்ற வாங்கிய முதல் மண்டல டிக்கெட் சிட்ஜஸுக்குச் செல்லாது. சிட்ஜஸ் நான்காம் மண்டலம், அதற்கேற்ற டிக்கெட் எடுக்க வேண்டும். ஏற வேண்டியது 'ஆர்2 சூட்' ரயிலில், சாண்ட்ஸ் அல்லது பசேஜ் டி கிராசியா நிலையத்தில். சுமார் 40 நிமிடப் பயணம். 'ஆர்2 நோர்ட்' என்றிருந்தால் அது வேறு தடம். விமான நிலையத்திலிருந்து நேரே வருகிறவர்கள் அந்த நோர்ட் ரயிலில் ஏறி எல் பிராட் நிலையத்தில் மாற வேண்டும், பார்சிலோனா வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. போகும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். காராஃப் மலை கடலுக்குள் இறங்கும் இடத்தில் சுரங்கங்களுக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறையும். 1881-இல் இந்தப் பாதையைப் போட முன்னின்றவரும் கியூபாவில் சம்பாதித்துத் திரும்பியவர்தான்.

கோடையில் காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

தங்குவதாக இருந்தால் தெருவைப் பார்த்து அறை எடுங்கள். ஒருபாலீர்ப்பாளர்களை நெடுங்காலமாக மனமார வரவேற்கும் ஊர் இது, இரவுக் கொண்டாட்டமும் அதிகம். பிரிமெர் டி மாய்க் தெருப் பக்கம் கோடையில் விடியும்வரை சத்தம் ஓயாது. குழந்தைகளோடு வருபவர்கள் தேவாலயத்துக்குக் கிழக்கே சான் செபஸ்தியா கடற்கரைப் பக்கம் பார்க்கலாம்.

சாப்பாட்டு நேரத்தையும் கவனியுங்கள். மதிய உணவு ஒன்றரைக்கு மேல், இரவு உணவு ஒன்பதை ஒட்டி. மாலை ஆறு மணிக்குப் பசியோடு அலைந்தால் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே சமைக்கும் கடைகள்தான் வாய்க்கும். குளிர்காலத்தில் போனால் ஷட்டோ சாப்பிடுங்கள்: கசப்புக் கீரையோடு உப்புக்கண்ட மீன், ஆலிவ், மேலே பாதாமும் காய்ந்த மிளகாயும் அரைத்த சாறு. பார்க்கக் கீரை சாலட் மாதிரி இருப்பதால் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். சைவ உணவுக்காரர்களுக்குச் சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயுமான எஸ்கலிவாடா பொருத்தம். அதிலும் நெத்திலி வைப்பதுண்டு, சொல்லி வாங்குங்கள்.

அப்புறம், தேதி. ஆகஸ்ட் 24 ஊர்த் திருவிழா. முந்தைய இரவு தேவாலய முனையில் வாணவேடிக்கை. நெரிசலுக்கு அஞ்சி அதைத் தவிர்க்க வேண்டாம், ஆனால் அறையைச் சில மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் திரும்பும் ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.