டெஸ்ட் டோஸை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

யூகேவுக்கு நர்ஸாக வருகிற தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் இது. ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு, ஊரிலேயே கம்ப்யூட்டரில் எழுதும் சிபிடி, பிறகு விசா. இதையெல்லாம் ஏஜென்சிக்காரர்கள் பத்து தடவை சொல்லியிருப்பார்கள். சிபிடியில் கணக்குக்கு 15 கேள்வி, கிளினிக்கலுக்கு 100 கேள்வி. வார்டில் டிரிப் ரேட் போட்டுப் பழகியவர்களுக்குக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை.

வந்து இறங்கிய பிறகுதான் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. பத்து ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். வேலையில் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முதல் தடவை போக வேண்டும், எட்டு மாதத்துக்குள் பாஸாகியிருக்க வேண்டும். இங்கத்து நர்சிங் கவுன்சிலான என்எம்சியின் பின் நம்பர், அதாவது பதிவு எண், வரும்வரை எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு ஒரு படி கீழான பேண்ட் 4 சம்பளம்தான்.

நான் முதல் தடவை ஃபெயில். போனது ஒரே ஸ்டேஷன், மருந்து கொடுக்கிற ஸ்டேஷன். எட்டு வருஷம் தினமும் காலை எட்டு மணிக்கு மருந்து டிராலி தள்ளியவள் நான். நான் எழுதியபோது முழுக் கட்டணம் 794 பவுண்டு. போன ஸ்டேஷனை மட்டும் திரும்ப எழுத அதில் பாதி. முதல் தடவை ஆஸ்பத்திரி கட்டியது, இரண்டாவது என் கையிலிருந்து. அந்த மாதம் அம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அது.

தேர்வில் என்ன வந்தது என்று கேட்காதீர்கள், வெளியே சொல்லக்கூடாது. அதற்கு முன்னால் மாக் டெஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன், இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த தப்புதான். டிரெய்னர் பேஷண்டாகப் படுத்திருந்தார். கை கழுவினேன், பெயர் கேட்டேன், பிறந்த தேதி கேட்டேன், சார்ட்டோடு ஒத்துப் பார்த்தேன். அலர்ஜி கட்டத்தில் 'பெனிசிலின், ராஷ்' என்று இருந்ததைச் சத்தமாகப் படிக்கவும் செய்தேன். மணிக்கட்டில் அலர்ஜி உண்டு என்று காட்டும் சிவப்புப் பட்டை வேறு. அப்புறம் சார்ட்டில் எழுதியிருந்த கோ-அமாக்ஸிக்ளாவ் மாத்திரையைக் கப்பில் போட்டு நீட்டினேன். அவர் கப்பை வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். "நான் செத்துப்போயிட்டேன்" என்றார்.

கோ-அமாக்ஸிக்ளாவ் என்பது நம்ம ஆக்மென்டின்தான். அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது. சாட்சாத் பெனிசிலின். சார்ட்டில் ஆக்மென்டின் என்று எழுதியிருந்தால் என் கை தானாக நின்றிருக்கும். ஊரில் டாக்டரும் பிராண்ட் பெயர் எழுதுவார், பார்மசிக்காரரும் அதையே சொல்வார், நாமும் அப்படியே பழகிவிட்டோம். இங்கே பெரும்பாலும் மருந்தின் பெயர்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் பெயர் மேல் போட முடியாது. ஊரில் ஆன்டிபயாட்டிக் ஊசி என்றால் முன்கையில் ஒரு துளியைத் தோலுக்குள்ளேயே ஏற்றி, பேனாவால் வட்டம் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்ப்போம். தடித்திருந்தால் டாக்டருக்குப் போன். அதுதான் டெஸ்ட் டோஸ். அந்த வட்டத்தைப் பார்த்தே வளர்ந்ததால், அலர்ஜியைக் கேட்பது நமக்கு ஒரு சடங்காகிவிட்டது. கேட்போம், ஆனால் பதில் மண்டைக்குள் இறங்காது. இங்கே வார்டில் அந்த வட்டம் கிடையாது. பேஷண்ட் வாய், கைப்பட்டை, சார்ட், இந்த மூன்றும்தான். "அலர்ஜி இருக்கா?" என்பதோடு நிறுத்தாமல், அந்த மருந்தைச் சாப்பிட்டபோது என்ன ஆனது என்றும் கேளுங்கள். வயிற்றைப் புரட்டுவது வேறு, முகம் வீங்கி மூச்சு முட்டுவது வேறு.

நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வையுங்கள்: ஃப்ளூக்ளாக்ஸாசிலின், டாசோசின் (ஊரில் பிப்டாஸ் என்போமே, அது), யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குத் தரும் பிவ்மெசில்லினம். எல்லாம் பெனிசிலின் வகை. அதற்காக 'கோ' என்று ஆரம்பிப்பதையெல்லாம் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். கோ-டிரைமாக்ஸசோல் நம்ம செப்ட்ரான், பெனிசிலின் இல்லை. கோ-கோடமால் என்ற வலி மாத்திரையில் வேறு கண்ணி: அதற்குள் பாராசிட்டமால் இருக்கிறது. அதே சார்ட்டில் பாராசிட்டமால் தனியாகவும் இருந்தால், 24 மணி நேரத்துக்கு 4 கிராம் என்ற எல்லையைத் தாண்டிவிடுவோம்.

கொடுக்கக் கூடாத மருந்து என்றால் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஏன் கொடுக்கவில்லை என்பதற்குரிய கோட் நம்பரைப் போட்டுக் கையெழுத்திட்டு, எழுதிய டாக்டரிடம் சொல்ல வேண்டும். பொடிக் குழந்தைக்கும் ஒரே குத்தில் வென்ஃப்ளான் (டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) போட்ட கை நம்முடையது, அதைப் பற்றி இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. "இதைக் கொடுக்க மாட்டேன், காரணம் இது" என்று வாயைத் திறந்து சொல்கிறோமா என்றுதான் பார்க்கிறார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் ஃபைலோடு பின்னால் ஓடிய நமக்கு அது வாயில் வர நாளாகும்.

மூச்சு, நாடி, பிபி எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு, பேஷண்ட் மோசமாகிறாரா என்று பார்க்கும் நியூஸ்2 சார்ட்டை மனப்பாடம் செய்யுங்கள். மொத்தம் 5 வந்தால் அவசரம், 7 வந்தால் எமர்ஜென்சி. மூச்சை முழு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர் என்றால் ஆக்ஸிஜன் அளவு 88-92 போதும் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அவருக்கு அதற்குத் தனி ஸ்கேல்.

அளவுகளும் மாறும். காய்ச்சல் செல்சியஸில், 100.4 என்பது இங்கே 38. சுகர் மில்லிமோலில், நம்ம எண்ணை 18-ஆல் வகுக்க வேண்டும். முதல் நைட் டியூட்டியில் ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் வந்து "சுகர் பதினாலு" என்றாள். சுகர் இறங்கிவிட்டதென்று நான் டெக்ஸ்ட்ரோஸ் தேடி ஓடினேன். பதினாலு என்றால் 252. பேஷண்ட் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். டெக்ஸ்ட்ரோஸ் தேடி ஓட வேண்டியது 4-க்குக் கீழே போனால்தான்.

இன்னொன்று, எல்லாரையும் "சிஸ்டர்" என்று கூப்பிடாதீர்கள். இங்கே அது வார்டு பொறுப்பாளரின் பதவி. நான் கூப்பிட்ட ஹெல்த்கேர் பெண் பின்னால் திரும்பி யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

இரண்டாவது தடவைக்கு மூன்று வாரம் வீட்டிலேயே பயிற்சி. வீட்டுக்காரர் கையில் சிவப்பு ரிப்பன், சோபாதான் கட்டில், மருந்துக்குப் பொட்டுக்கடலை. "உங்க பிறந்த தேதி சொல்லுங்க சார்" என்று கேட்டால், தினமும் அதே பதில்: "ஸ்கூல்ல கொடுத்ததா, எங்கம்மா சொல்றதா?"